பானெட்டுக்குள்ளிருந்து வந்த சந்தன வாசம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாகத் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், பிழை வரும் என்பது ஒரு பயம். சாமி பெயரில் நான் செய்த கிறுக்குத்தனத்தை நானே சொல்ல வேண்டுமே என்பது பெரிய பயம். ஆனால் மறையூரில் இந்தக் கதை வேறு மாதிரி சுற்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

வெல்லம் ஏற்றப் பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். மூன்று பேர் ஓட்டித் தேய்த்த வண்டி. என் கண்ணுக்கு அது தேர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூஜைக்காகக் கழுவினேன். பேட்டரியின் இரண்டு கிளாம்புகளையும் கழற்றித் துடைத்தேன். வண்டியின் உயிரே இங்கேதானே என்று, அடியில் இருந்த ஈயக் குமிழ்களுக்குச் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகப் பூசி, அதன் மேலேயே கிளாம்பை இறுக்கினேன். வண்டியை ஆட்களோடு தள்ளிக் கிழக்குப் பார்த்து நிறுத்தி, தேங்காய் உடைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஓட்டுவது விடிந்த பிறகு, நல்ல நேரத்தில்.

ஏனென்றால் மறுநாள் மூணாறில் என் மகளுக்கு அரசு வேலைக்கான பரீட்சை. ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்து மூன்று வருஷம் படித்தவள். ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

“பஸ்ஸுல போயிருவோமே” என்றாள் மனைவி, விடிந்ததும்.

“நம்ம வண்டி நிக்கையில பஸ்ஸு எதுக்கு?”

பஸ் ஹாரன் அடித்துப் போனது. சாவியைத் திருப்பினேன். ‘டிக்’. அவ்வளவுதான். மறுபடியும் ‘டிக்’. டீசல் இருந்தது. விளக்கு எரிந்தது, சாவியைத் திருப்பினால் மட்டும் செத்தது.

அடுத்த வீட்டுத் தம்பி தள்ள வந்தான். வண்டிக்கு முன்னால் மண்மேடு.

“சாமிக்குத் தெச பாத்திய, எறக்கம் பாக்கலியே அண்ணே.”

“இப்பம் நக்கலு ரொம்ப முக்கியம்.”

பத்துத் தடவை திருப்பியிருப்பேன். திடீரென்று சந்தன வாசம். சத்தியமாகச் சொல்கிறேன், கோயிலுக்குள் நிற்பது போல. “முருகா, வந்துட்டியா” என்று இறங்கிக் கைகூப்பினேன். மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தம்பிக்கும் வாசம் வந்தது. அவனும் கும்பிட்டுவிட்டு, ஜீப் பிடித்து வருவதாக ஓடினான்.

மகள் மட்டும் கும்பிடவில்லை. “யப்பா, வாசம் பானெட்டுக்குள்ள இருந்துல்லா வருது.”

திறந்தாள். கிளாம்பைத் தொட்டுக் கையை உதறினாள்.

“சுடுது. இதுக்கு அடியில என்ன வச்சிய?”

“சந்தனம்.”

“எவ்வளவு?”

“நெறைய.”

“நீங்க சாமியக் குறுக்க நிப்பாட்டுனா கரண்டு எப்படிப்பா போவும்?”

மனைவி ஸ்பேனர் கொண்டுவந்தாள். நேற்று உடைத்த தேங்காயின் நாரை எடுத்து, காய்ந்த சந்தனத்தை ஈயம் பளபளக்கும்வரை தேய்த்தேன். மாட்டி இறுக்கிச் சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி உறுமியது. பின்னுக்கு எடுக்கும்போது நாலு எலுமிச்சையும் நசுங்கிய சத்தம் இருக்கிறதே, இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. தெருமுனையில் ஜீப்போடு வந்த தம்பி வாயைப் பிளந்து நின்றான்.

மலைப்பாதை முழுக்க நான் முருகனைப் பாடினேன், அவள் கேள்வி பதில் படித்தாள். கேட்டைச் சாத்த ஐந்து நிமிஷம் இருக்கும்போது உள்ளே ஓடினாள். இப்போது வேலைக்குப் போகிறாள். எந்த ஆபீஸ் என்று எழுத வேண்டாம் என்றிருக்கிறாள்.

தம்பி ஊரெல்லாம் சொன்னது இது: அண்ணன் கும்பிட்டார், சந்தனம் மணத்தது, வண்டி கிளம்பியது. தேங்காய் நாரை அவன் பார்க்கவில்லை. நானும் கூச்சத்தில் திருத்தவில்லை.

கோளாறு எங்கே என்று முருகன் வாசத்தால் காட்டினான். அங்கே போய்ப் பார்த்தது என் மகள். கோளாறைச் செய்தது நான். இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது தயவுசெய்து இந்த மூன்று பேரில் ஒருவரையும் விட்டுவிடாதீர்கள்.