காகித நோயாளி

நர்சிங் பள்ளியில் டீச்சராக வந்த முதல் பதினாறு வருஷமும் அவர் செய்தது ஒரே வேலைதான். பழுப்பேறிய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள், கடைசி பெஞ்சில் ஒருத்தி தூங்குவாள். பரீட்சையில் அத்தனையையும் வாந்தி எடுத்துவிட்டு வார்டுக்குப் போனால், மூச்சு வாங்குகிற ஆளைப் பார்த்து திருதிருவென்று முழிப்பார்கள். டீச்சருக்கு வயிறு எரியும். "எவ்வளவு ஊத்துனாலும் நிக்க மாட்டேங்குதே," என்று வீட்டுக்காரரிடம் புலம்புவார். அந்த மனுஷர் தலையைத் தூக்காமல் "ம்" கொட்டுவார்.

அப்புறம் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் வந்து, நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டார். இனிமேல் பாடம் கிடையாது, பிரச்சினைதான். ஒரு நோயாளியைத் தாளில் எழுதி, எட்டுப் பேர் குழுவுக்கு ஒவ்வொரு பக்கமாகக் கொடுப்பார். முதல் பக்கத்தில் ஆள் வந்து படுத்திருப்பார், அவ்வளவுதான். நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதைத் தேடிப் படிக்கணும் என்று பிள்ளைகளே பேசி முடிவெடுத்தால்தான் அடுத்த பக்கம் வரும். தலைகீழாக நின்றாலும் டீச்சர் வாயிலிருந்து விடை வராது. இன்னொரு சட்டமும் போட்டிருந்தார்: தாளில் இருக்கிறவரைக் 'கேஸ்' என்று சொல்லக் கூடாது, "என் பேஷண்ட்" என்றுதான் சொல்லணும். அப்போதுதான் அவர் ரத்தமும் சதையுமாகத் தெரிவாராம்.

பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? அடுத்த பக்கத்தை முன்கூட்டியே கறக்கப் பார்ப்பார்கள். விடுதியிலிருந்து போன் போட்டு, "மேடம், என் பேஷண்டுக்குக் காய்ச்சல் விடல, என்ன செய்ய?" என்று அழுவது மாதிரிக் குரலை மாற்றிப் பேசுவார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார். இதில் ஏமாற்றத் தெரியாதவள் ஒருத்தி இருந்தாள். எதற்கெடுத்தாலும் கையைத் தூக்குவாள் என்பதால் 'டவுட்டு' என்றே பேர் நிலைத்துவிட்டது. டீச்சருக்கு அவள்மேல் தனி உசிர். இந்த முறையே அவளுக்காகத்தான் வந்தது என்றுகூட நினைத்திருக்கிறார்.

அந்த வாரத் தாளில் படுத்திருந்தவர் ஒரு தோட்டக்காரர். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து மறுநாள். இரண்டாம் பக்கத்தில் நிலைகொள்ளாமல் புரள ஆரம்பிப்பார். மூன்றாம் பக்கத்தில்தான் உள்ளே ரத்தம் கசிவது தெரியும்.

புதன்கிழமை மதியம் மூணு மணிக்கு டீச்சரின் மேசைப் போன் அடித்தது. டவுட்டுதான்.

"மேடம், என் பேஷண்ட்... ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள். புரண்டுக்கிட்டே இருக்காரு. நாடி நூத்திப் பதினெட்டு, கை சில்லுன்னு இருக்கு. எனக்குப் பயமா இருக்கு மேடம்."

அடி கள்ளி, நீயுமா என்று டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் குழுவுக்கு அது விடுதியில் படிக்கிற நேரம். காய்ச்சலில் கிடந்த தோழிக்குப் பதிலாக இவள் வார்டுக்குப் போயிருக்கிற விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்?

"விடை எங்கிட்ட கிடைக்காதும்மா. மூணு காரணம் எழுது. எது முதல்லன்னு நீயே முடிவு பண்ணு. அப்புறம் பேசு," என்று வைத்துவிட்டார்.

வார்டு சிஸ்டர், "வலிக்குத்தான் புரளுறான், ஊசி போட்டாச்சு, சும்மா இரு," என்று ஏற்கெனவே விரட்டியிருந்தாள். டீச்சரும் சொல்லியாயிற்று. பிள்ளை உட்கார்ந்து எழுதினாள். நாற்பது நிமிஷம் கழித்துக் கட்டில் பக்கம் போனபோது அதில் நிஜமாகவே படுத்திருந்த லாரி டிரைவரின் கண் மேலே சொருகியிருந்தது. நாலரைக்கு முடிந்துவிட்டது. செய்தி மாடியில் டீச்சர் அறைக்கு வந்தபோதுதான், போனில் அவள் சொன்னது தாளில் இருந்தவரைப் பற்றி இல்லை என்று அவருக்குப் புரிந்தது. ஐயோ, ஐயோ, என்ன காரியம் செய்தேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை, விசாரணைக்குப் பிள்ளை எழுதிக் கொடுத்ததைப் பிரின்சிபால் காட்டினார். 'சந்தேகம் வந்தது. யோசித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டரைத் தவிர யாரிடமும் கேட்கவில்லை.' சிஸ்டரோ, தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டாள். இருபது வருஷ சர்வீஸ், அவள் பேச்சுதான் எடுபட்டது.

"நல்ல வேளை, உங்க பேரு எதுலயும் இல்ல," என்றார் பிரின்சிபால். "பொண்ணைத்தான் நிறுத்தப் போறாங்க. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். போன் வந்தது, நான்தான் யோசிக்கச் சொன்னேன் என்று ஒரு வரி போதும், பிள்ளையின் படிப்பு மிஞ்சியிருக்கும். டீச்சரின் வேலை போயிருக்கும், அவர் கட்டி எழுப்பிய வகுப்பும் போயிருக்கும்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

வெளியே வராந்தாவில் டவுட்டு நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. டீச்சர் அவள் கையைப் பிடித்து, "ஏண்டி அப்படி எழுதின?" என்று கிசுகிசுத்தார்.

"சொன்னா ரெண்டு பேரும் போகணும் மேடம். ஒருத்தி போதும்." அப்புறம் சொன்னாள்: "மூணு காரணத்துல முதல் காரணம் உள்ள ரத்தக் கசிவுன்னுதான் எழுதினேன். சரியாத்தான் எழுதினேன். எழுதிட்டு உடனே ஓடணும்னு தோணல. மத்த ரெண்டையும் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

டீச்சர் யோசித்தார். வியாழன் யோசித்தார், வெள்ளி யோசித்தார். ராஜினாமாக் கடிதம் எழுதினார், கிழித்தார். திங்கட்கிழமை உத்தரவு வந்துவிட்டது.

பெட்டியை எடுத்துப் போக அம்மாக்காரி வந்திருந்தாள். தையல் வேலை செய்கிறவள், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. டீச்சரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். டீச்சருக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது.

"உங்களைப் பத்திப் பேசாத நாளில்ல மேடம். நீங்க இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் இவளுக்கு ஏறலையே. ஒரு உயிரு போயிடுச்சே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவ்வளவு சந்தேகமா இருந்துச்சுன்னா, உங்களுக்காவது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல? வாயில என்ன வச்சிருந்தா?"

பக்கத்தில் நின்ற பிள்ளை டீச்சரைப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை, சும்மா பார்த்தாள்.

"கேட்டிருக்கலாம்," என்றார் டீச்சர்.

டவுட்டு குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.