ஒரே புரதம், நாலு தட்டு

பத்தாம் வகுப்பை மூன்றாவது முயற்சியில் தேறினாள். இடது கண் மங்கல். வலது கண்ணை மட்டும் வைத்தே நுண்ணோக்கியில் செல்களை எண்ணக் கற்றாள். ஆய்வகத்துக்குப் பாட்டில் கழுவப் போனவள், நான்கு வருடம் ஏழு மாதத்தில் செல் வளர்க்கும் அறைக்குள் கால் வைத்தாள். தங்கையைப் பற்றி யார் கேட்டாலும் தையற்காரி அக்கா இத்தனையும் சொல்லாமல் விடமாட்டாள்.

ஒரு சாயங்காலம் தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என்னடி சுண்டெலி, மூஞ்சி தொங்குது?"

"லேபிளை மாத்தி ஒட்டிட்டேன்னு எங்க ஆய்வகத்து டாக்டர் சொல்றாருக்கா."

அவள் சோதித்தது செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் ஒரு புரதம், சைட்டோகைன் என்பார்கள். மேல்தோல் செல்களுக்கு இரண்டு தட்டு, காயத்தை இழுத்து மூடும் நார்ச்செல்களுக்கு இரண்டு தட்டு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் மட்டும் புரதம் விட்டிருந்தாள். நான்காம் நாள் எண்ணியபோது, புரதம் பட்ட தோல் செல்கள் பெருகாமல் நின்றிருந்தன. புரதம் பட்ட நார்ச்செல்களோ இரண்டு மடங்காகியிருந்தன.

"வளர்ச்சியை அடக்குற புரதம் எப்படிம்மா வளர்க்கும்னு கத்துறாரு."

அக்கா ஊசியை நிறுத்தினாள். "அப்பா திட்டினா நான் மூலையில ஒடுங்குவேன், நீ மல்லுக்கு நிப்ப. அதுமாதிரியா?"

"அதேதான்! திட்டு ஒன்னுதான், வாங்கிக்கிற ஆளு வேற."

"நீ மாத்தி ஒட்டலையே?"

"சத்தியமா இல்லக்கா. ஆனா பதிவேட்டுல என் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். இல்லேன்னா பழையபடி பாட்டில் கழுவப் போகணும்."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போட்டுத் தொலைடி. அந்த அறையை விட்டுடாத."

ஒரு மாதம் கழித்து டாக்டர் தன் கையாலேயே அதைத் திரும்பச் செய்தார். அதே விடை. புதுப் பக்கத்தில் தன் பெயரில் எழுதிக்கொண்டார். பழைய பக்கத்தை அடித்துவிடச் சொல்லித் தங்கை கேட்டபோது, "அதை யாரும்மா பாக்கப் போறா?" என்றார். எண்ணிட்ட பதிவேடு, கிழிக்கவும் முடியாது.

செய்தி கேட்ட அன்று அக்கா சாப்பிடவில்லை. போடச் சொன்னது அவள் வாய்தான்.

உதவியாளர்கள் பதிவேட்டில் கையெழுத்திடும் வழக்கமே அதுவரை இல்லை. எழுபத்து மூன்றாம் பக்கத்தில், 'லேபிள் மாறியது என் தவறு' என்ற வரிக்குக் கீழே, தங்கையின் முழுப்பெயர் முதன்முதலாக இருக்கிறது. மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.