முக்கால் மணித்தியாலத்தில வாற தாய்மாமன்

இன்றைக்கு என்ர மூத்த மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன்ர மடியில இருத்தித்தான் குத்துறது. பத்து மணிக்கு நல்ல நேரம்.

லண்டனில இருக்கிற அண்ணைக்கு, "முதல்நாளே வாங்கோ" எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான்.

"கட்டுநாயக்கா எயார்போட்டில இருந்து திருகோணமலைக்குப் பிளேனில முக்கால் மணித்தியாலம்தான். இன்டர்நெட்டில பார்த்தனான். விடிய வந்து இறங்கினால் காணும்" எண்டவர்.

இறங்கின பிறகுதான் தெரிஞ்சுதாம், இன்றைக்கு அந்தப் பிளேனே இல்லையெண்டு.

பத்து மணிக்குப் போன் எடுத்தார். "வாகனம் பிடிச்சு வாறன், இப்பதான் குருநாகல், பாதி வழிகூட வரேல்லை. காது குத்துற நகைப் பத்தரைக் கொஞ்சம் நிக்கச் சொல்லு."

"பத்தர் நிப்பார். நல்ல நேரம் நிக்குமோ?"

கடைசியில பிள்ளை பக்கத்து வீட்டுக்காரற்ற மடியில இருந்து அழுதாள்.

இன்டர்நெட்டில தூரமும் நேரமும் எழுதினவர், பிளேன் ஒவ்வொரு நாளும் ஓடுதோ எண்டதை மட்டும் எழுதேல்லை. அவரை ஆருக்காவது தெரிஞ்சால் சொல்லுங்கோ. சின்னவளுக்குக் காது குத்தேக்க அவர்தான் வந்து மடி தரவேணும்.