டாக்டர் பத்மாவதியும் அறுபத்தைந்து வயது வரம்பும்

டாக்டர் பத்மாவதி காலமான செய்தி வந்தபோது, மருந்துச் சோதனைக்காக முப்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மாடி மேலே அவர் படுத்திருந்த வார்டிலிருந்து நர்ஸ் போன் செய்தார். "சார், மேடம் போயிட்டாங்க சார். காலைல கூட என்கிட்ட பேசிகினு இருந்தாங்க." ஃப்ளூ காய்ச்சல், நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது. சோதனை மருந்து என் முதுகுக்குப் பின்னால் ஃபிரிட்ஜில் இருந்தது. மேடத்துக்கு வயது எழுபத்தொன்று. அறுபத்தைந்துக்கு மேல் யாரையும் சேர்க்கக் கூடாது என்பது விதி. அந்தச் சோதனையே அவர் யோசனையில் பிறந்ததுதான்.

ஆரணியில் அவரிடம் நெஞ்சைக் காட்டி மருந்து வாங்கியவர்கள் இதைப் படிப்பீர்கள். ஒரே வைரஸ் மகனை மூன்று நாளில் தறிக்கு அனுப்பிவிட்டு அப்பனை ஆக்சிஜனில் கிடத்துகிறதே, ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர். தேவிகாபுரத்திலிருந்து வந்த ஒருவருக்கு அவர் விளக்கியதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். "சில செல்லுக்கு வயசாயிடுங்க. வேலையும் செய்யாது, சாவவும் சாவாது. உக்காந்துகினு பக்கத்துல இருக்கறதையும் பேஜார் பண்ணும். வைரஸ் வந்தா அதுங்க ஆட்டம் இன்னும் ஜாஸ்தி. மொதல்ல அதுங்கள காலி பண்ணா மனுசன் தப்பிப்பானான்னு பாக்கறோம்."

ஆய்வகத்தில் கிழட்டு எலிதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். எலிக்கு வயதாகவே ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும் என்று நாங்கள் சலித்துக்கொண்டோம். "கெழவனுக்கு மருந்து தேடிகினு குட்டி எலில பாத்தா எப்படிப்பா?" என்றார். காத்திருந்தார். சமணக் குடும்பத்தில் பிறந்தவர். எலிகளைக் கொல்ல வேண்டிய நாட்களில் அவர் சாப்பிட்டதே இல்லை. அதைப் பற்றி யாரிடமும் பேசியதும் இல்லை.

சமணர் வழக்கப்படி பொழுது சாய்ந்த பிறகும் அவர் சாப்பிடமாட்டார். ஆஸ்பத்திரி கமிட்டியில் எங்கள் சோதனைக்கு ஒப்புதல் கேட்ட அன்று கூட்டம் இழுத்துக்கொண்டே போயிற்று. ஐந்தரை மணிக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஒரு உறுப்பினர், "வயதானவர்கள் இறந்தால் மருந்தின் மேல் பழி வரும், அறுபத்தைந்தோடு நிறுத்துங்கள்" என்றார். மறுக்க வேண்டியவன் நான். ஒப்புதல் கிடைத்தால் போதும் என்று தலையாட்டினேன். திரும்பி வந்தவர் ஈரக் கையோடு நின்றபடியே கேட்டார்: "சாப்புட்டு வர்றதுக்குள்ள யாருக்கு மருந்தோ அவங்களையே வெளிய தள்ளிட்டீங்களா?" அடுத்த கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் மேடம் என்றேன். எவ்வளவு கேவலமான பதில்.

வார்டில் படுத்திருந்தபோது, வயது வரம்பு எழுதியிருந்த சோதனைப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். "உன் கையெழுத்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். விதியை மீறி அவருக்கு மருந்தைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். மாஸ்க்கை விலக்கிக்கொண்டு திட்டினார். "எனக்குன்னு திருட்டுத்தனம் பண்ணாத. ரூல மாத்து. ஜல்தியா மாத்து."

மருந்து கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அது வேலை செய்யுமா என்பதே தெரியாது. தெரிந்துகொள்ளத்தானே சோதனை? தெரிந்துகொள்ளும் வழியை நாங்களே அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

வரம்பை நீக்கக் கேட்டு கமிட்டியிடம் மனு கொடுத்துவிட்டேன். காரணத்தை இன்னும் விளக்கமாக எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இதற்கிடையில் நேற்று எழுபது வயதுக்காரர் ஒருவரை மூச்சுத் திணறலோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். அவருடைய மகள் என் அறைக்கு வந்து, "எங்கப்பாவுக்கும் அந்த மருந்து குடுங்க சார்" என்றார். வயது அதிகம் என்றேன். "வயசானவங்களுக்குத்தானே சார் அது?" என்று கேட்டார். மேடத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய கோபம் ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்கு இல்லை என்று சொல்லி அனுப்பியபோது, அது முழுக்க என் மேலேயே இருந்தது.