மிளகுக்குத் திறந்த கேட்

காணி புரோக்கர்மாருக்கு ஒழுக்கக் கோவை என்று ஒன்று இருப்பதே எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரியவந்தது. பன்னிரண்டு அம்சம். அதை லாமினேட் பண்ணி, தன்னுடைய த்ரீவீலரில் சீட்டுக்கு முன்னால் தொங்கவிட்டிருந்தான் எங்களுக்கு வீடு தேடித் தந்த புரோக்கர். முதலாவது அம்சம், 'உறுப்பினர் வாடிக்கையாளரிடம் உண்மையே பேசுவார்.' இதை எழுதித் தொங்கவிட வேண்டிய நிலைமை இருக்கிறது என்றால் அங்கேயே நான் வண்டியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். நான் டீச்சர். கேள்வியை ரெண்டு தரம் வாசிங்க, ரெண்டு தரம் வாசிங்க என்று பிள்ளைகளின் உயிரை எடுக்கிறவள். அந்த அட்டையையும் ரெண்டு தரம் வாசித்தேன். வாசித்துவிட்டு நம்பினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

வாப்பாவுக்குச் சீனி வருத்தம். வலது காலில் ஆறாத புண். வாரத்துக்கு ரெண்டு நாள் ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து கட்ட வேண்டும். "தவறாம கொண்டு வந்தா காலைக் காப்பாத்தலாம்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். மாத்தளை டவுனில் எங்கள் வீடு கடைக்கு மேலே. பதினெட்டுப் படி. ஒவ்வொரு படிக்கும் வாப்பா ஒரு தரம் அல்லாஹ்வைக் கூப்பிடுவார். அதனால்தான் அந்த வீட்டை விற்றுவிட்டுத் தரையோடு ஒரு வீடு தேடினோம். புரோக்கரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"வாசல் வரைக்கும் வண்டி வரணும். வேற ஒண்ணும் வேணாம்."

"டீச்சர், வாசல் என்ன வாசல், கட்டில் வரைக்கும் வரும்" என்றான். வாயில் அப்படி ஒரு தேன்.

பல்லேபொலப் பக்கம் ஒரு வீட்டைக் காட்டினான். நல்ல வீடுதான், பொய் சொல்லக்கூடாது. சின்னது, காற்றோட்டமானது, பின்னால் கிணறு. மெயின் ரோட்டிலிருந்து ஒரு இரும்புக் கேட்டைத் தாண்டி, மிளகுக் கொடியும் பாக்கு மரமுமாக இருந்த ஒரு தோட்டத்துக்கு நடுவே வண்டி சுகமாக ஏறிப் போய் வாசலில் நின்றது. கேட்டைத் திறந்துவிட்டவர் ஒரு வயசான சிங்கள மாத்தயா. புரோக்கர் முன்னாலேயே இறங்கிப் போய் அவரோடு என்னமோ குசுகுசுத்தான். அவர் சிரித்துக்கொண்டே வந்து, என் நானாவிடம் இப்போ மிளகு என்ன விலை போகுது என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு மூத்தவரான நானா டவுனில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிறவர். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் மிளகு விலை சொல்வார். சொன்னார். காய்ச்சல் போதாத மிளகென்றால் இவ்வளவு, நல்லதென்றால் இவ்வளவு என்று விளக்கமாகவே சொன்னார். மாத்தயாவுக்கு முகமெல்லாம் சந்தோசம். எங்கள் பக்கத்தில் மிளகுக் காலத்தில் மிளகு வாங்க வருகிறவனுக்கு எந்தக் கேட்டும் திறக்கும். அதை நாங்கள் யோசிக்கவில்லை. வழி அந்த வீட்டுக்கு உரியது, அவர் காவலுக்கு இருக்கிற ஆள், சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தோம்.

வீட்டை எங்கள் பேருக்கு உறுதிப் பத்திரம் எழுதும்போது நொத்தாரிஸ் சிங்களத்தில் கடகடவென்று வாசித்தார். எனக்குச் சந்தையில் பேசுகிற சிங்களம் நன்றாக வரும். உறுதியில் இருப்பது வேறு சிங்களம். பிளானையும் பார்த்தேன். வடக்கே ஒரு மெல்லிய கோடு இருந்தது. அதைப் பற்றிக் கேட்டேனா? கேட்கவில்லை.

சாமான் லொறி போன அன்று கேட்டில் பூட்டு. மாத்தயா வெளியே வந்து, "இது என்னுடைய காணி, பாதை இல்லையே" என்றார். அன்றைக்குத் திறந்து விட்டீங்களே என்றேன். "மிளகு வாங்க வந்த ஆட்கள் என்று உங்கள் ஆள் சொன்னார். நீங்களும் விலை சொன்னீர்களே." நானா தலையில் கை வைத்துக்கொண்டு லொறியின் மிதிபலகையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு உண்மையான வழி அந்த மெல்லிய கோடுதான். மூன்றடி அகலத்தில் வயல் ஓரமாகப் போய், மண்ணில் வெட்டிய படியில் ஏறுகிற ஒற்றையடிப் பாதை.

மாத்தயாவை நான் குறை சொல்ல மாட்டேன். வாப்பாவுக்காக ரெண்டு தரம் திறந்தும் விட்டார். பிறகு யாரோ வக்கீல், இப்படி வழி விட்டுக்கொண்டே போனால் நாளைக்கு அது அவர்களின் உரிமையாகிவிடும் என்று பயம் காட்ட, நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு கிளினிக் நாளில் வாப்பாவைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்து ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கோர்ட்டுக்குப் போனால் வருசக் கணக்கில் இழுபடும் என்றார்கள். அந்த அட்டையின் பன்னிரண்டாவது அம்சம் ஞாபகம் வந்தது. 'முறைப்பாடுகள் சுயாதீனக் குழுவினால் விசாரிக்கப்படும்.' எழுதினேன். புரோக்கர் சங்கத்துக்கு நாலு பக்கம், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். ஏதோ அவர்கள் எனக்குப் புள்ளி போடப் போகிற மாதிரி!

விசாரணை யட்டவத்தையில், ஒரு கல்யாண மண்டபத்தின் மேல் மாடியில். கால் ஏலாத மனிதனின் முறைப்பாட்டை மேல் மாடியில் விசாரிக்கிற புத்தி எங்கேயிருந்து வருகிறதோ. குழுவில் மூன்று பேர். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தலைவர், ஒரு ஹார்ட்வெயார் முதலாளி, இன்னொருத்தர் ஆரம்பத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "நாங்க முழுக்கச் சுயாதீனமான ஆக்கள்" என்று தலைவர் ஆரம்பித்தார். அவருக்குப் பிளேன்டியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தது யார் தெரியுமா? எங்கள் புரோக்கரேதான். "சீனி காணுமா சேர்?" என்று வேறு கேட்டான். த்தூ!

தலைவர் நானாவைப் பார்த்தார். "நீங்க மிளகு விலை சொன்னீங்களா?"

"சொன்னேன் சேர், ஆனா..."

"ஆனாவெல்லாம் வேணாம். சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"அப்ப அந்தக் கேட் உங்கட பேச்சுக்குத்தானே திறந்திருக்கு."

புரோக்கர் நெஞ்சில் கை வைத்து, தன் மனம் நொந்துவிட்டதாகச் சொன்னான். அவனுக்கு மனம்! எனக்கு வந்த ஆத்திரத்தில், வகுப்பில் கத்துவது மாதிரிக் கத்தினேன். கண்ணை மூடியிருந்தவர் திடுக்கிட்டு முழித்தார். அன்றைய விசாரணையில் நடந்த ஒரே பிரயோசனமான காரியம் அது. கடைசியில், நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு சொல்வோம் என்றார்கள்.

வந்தார்கள். கிளினிக் நாளாகப் பார்த்து வந்தார்கள். முதல் நாள் ராவெல்லாம் மழை. வாப்பா வெள்ளைச் சாரம் உடுத்தி, தொப்பி போட்டு, கதிரையில் தயாராக உட்கார்ந்து, தூக்குகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு வேன், மிளகுத் தோட்டத்துக்குள்ளால் நேரே ஏறி வந்து எங்கள் வாசலில் நின்றது.

"மகள், வேன் வந்திருக்கு!" என்று வாப்பா எழும்பப் பார்த்தார். அந்த முகத்தை அவ்வளவு வெளிச்சமாக நான் கண்டு எத்தனையோ மாதம்.

இறங்கியது குழு. முன் சீட்டிலிருந்து புரோக்கர். அதிபர் டேப்பை இழுத்து, வேனிலிருந்து எங்கள் வாசற்படிக்கு எத்தனை அடி என்று அளந்தார். ஒன்பது அடி. எழுதிக்கொண்டார். "நான் சொன்னேன்தானே சேர்" என்றான் புரோக்கர். கேட்டை எப்படித் திறந்தீர்கள் என்று கேட்டேன். திறந்துதான் கிடந்தது என்றான். அன்று பின்னேரம் மாத்தயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அந்த மிளகுக் கம்பனி ஆட்கள் தோட்டத்தைப் பார்க்காமலே போய்விட்டார்களே" என்று என்னிடம் குறைப்பட்டார். அதையும் எழுதிப் போட்டேன். விசாரணை முடிந்துவிட்டது என்று பதில்.

ஆனால் அன்று காலையில் நான் சண்டை பிடிக்கவில்லை. கெஞ்சினேன். "சேர், வந்தது வந்தீங்க. வாப்பாவ மட்டும் ரோட்டு வரைக்கும் ஏத்திட்டுப் போங்க."

அதிபர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதுதான் கேவலம். "டீச்சர், அது முறையில்ல. ஒரு தரப்புக்கு உதவி செஞ்சா எங்கட சுயாதீனம் கெட்டுப் போகும்."

வேன் போனது. கேட் பூட்டப்பட்டது. வாப்பாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வயல் பக்கமாக இறங்கினோம். மண்படியில் ஒருவனுக்குச் சறுக்கி, கதிரை சாய்ந்து, கட்டுப் போட்ட கால் கல்லில் போய் அடிபட்டது. வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ரோட்டுக்கு வந்தால், அந்த வேன் ஒரு பெட்டிக்கடையில் நிற்கிறது. குழு தம்பிலி இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறது. அவர்களைத் தாண்டித்தான் வாப்பாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஹார்ட்வெயார் முதலாளி கையைத் தூக்கி ஸலாம் சொன்னார். வாப்பா பதில் ஸலாம் சொன்னார்.

அதற்குப் பிறகு வாப்பா கதிரையில் ஏற மறுத்துவிட்டார். "என்னைக் காட்சிப் பொருளாத் தூக்கிட்டுத் திரிய வேணாம்." கெஞ்சினேன், ஏசினேன், அழுதேன். மூன்று கிளினிக் தவறியது. நாலாவது கிளினிக் நாளில் காய்ச்சல் கண்டு, நினைவு தப்பின பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

குழுவின் கடிதத்தை நானா வார்ட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். ஒரே பக்கம். 'வாகனம் வீட்டு வாசல் வரை தடையின்றிச் செல்வதைக் குழு நேரில் கண்டறிந்தது. உறுப்பினர் ஒழுக்கக் கோவையை மீறவில்லை.' ரெண்டு தரம் வாசித்தேன்.

வாப்பா கண் திறந்தார். "அவங்கட கடிதமா? என்ன எழுதியிருக்காங்க?"

நானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாசல் வரைக்கும் வண்டி வருமாம் வாப்பா" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் வாப்பா. என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். "நீ படிச்ச புள்ள. எழுதி எழுதியே பாதைய எடுத்துட்டாய். அப்ப ஆஸ்பத்திரியால துண்டு வெட்டி விட்ட உடனே வேன் ஒண்ணு சொல்லு, வீட்டுக்குப் போவம்."