சொறி பட்ட கழுத்து

உப்பளம் மீனவர் குப்பத்தில் யுவராணிக்கு வாய்க்காரி என்று பேர். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொறுமை கிடையாது. போனில் மைக்கை அமுக்கி வாயால் கேட்பாள், அதுவும் வாயால் பதில் சொல்லும். மழை வருமா, பிள்ளைக்கு இருமலுக்கு என்ன கொடுக்கலாம், எல்லாம் அதனிடம்தான். ஊரில் யாரையும் நம்பாதவள் போன் சொன்னதை அப்படியே நம்புவாள். அங்கேதான் வந்தது வினை.

அன்று காலை வலை இழுக்கப் போன அவள் புருஷன் கலியமூர்த்தி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் விழுந்தான். கழுத்தெல்லாம் சாட்டையால் அடித்த மாதிரி தடம்.

"சொறி பட்டுடுச்சிடி," என்றான்.

கடலில் சொறி படுவது புதிதில்லை. ஆனால் அவன் இப்படி வேர்த்து அவள் பார்த்ததே இல்லை. போனை எடுத்து மைக்கை அமுக்கினாள்.

"சொறி பட்டுடுச்சி. இன்னா பண்றது?"

"நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவவும். மருந்து தடவிவந்தால் குணமாகும்," என்றது போன், நிதானமாக.

ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு கழுத்தில் ஊற்றினாள். கலியமூர்த்தி துடித்துப்போனான். அடுத்த செம்பை மொண்டபோதும் போன் பேசிக்கொண்டிருந்தது. "வீட்டில் எல்லோருடைய துணி, பாயையும் வெந்நீரில் அலசவும்."

துணியை எதற்கு அலச வேண்டும்? செம்பு அந்தரத்தில் நின்றது. அடப்பாவி, இது தோலில் வருகிற சொறியைச் சொல்கிறது.

அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

"அந்தச் சொறி இல்ல. கடல்ல மெதக்கும், கண்ணாடியாட்டம், வால் வாலா தொங்கும், பட்டா எரியும். அது. எங்க வூட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது."

"அது ஜெல்லி மீனாக இருக்கலாம். நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், விஷம் கூடும். மூச்சுத் திணறினால் உயிருக்கு ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்."

செம்பைப் போட்டுவிட்டு 108-க்கு அடித்தாள். எடுத்தவர் பேச்சில் தெற்கத்தி வாடை.

"என்ன ஆச்சும்மா?"

நாக்கு நுனிவரை வந்த 'சொறி'யை விழுங்கினாள். "ஜெல்லி மீனுங்க. கழுத்துல பட்டு மூச்சு திணறுது. உப்பளம் குப்பத்துக்கு வாங்க."

"வண்டி கிளம்பிருச்சும்மா."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மாஸ்க் வைத்து, வெயில் சாய்ந்த பிறகுதான் கலியமூர்த்தி பேசினான்.

"அவங்ககிட்ட இன்னா பட்டுச்சின்னு சொன்ன?"

"ஜெல்லி மீனு."

"அது இன்னாடி மீனு? எனக்குப் பட்டது சொறிதான?"

யுவராணிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அந்த ஒரு செம்புத் தண்ணீரும் நினைவுக்கு வந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்க, அந்த வாய்க்காரி ஓவென்று அழுதாள்.