விஷமில்லாத ஓணம்

எங்கள் வார்டு இளைஞர் விவசாய கிளப்பின் மாதச் செய்தித்தாளை எழுதியது நான்தான். தாள் என்றால் ஒற்றைத் தாள். மேல்பாதி கிளப் செய்தி, கீழ்ப்பாதி எந்த மாதம் எந்த விதை போடலாம் என்ற பட்டியல். மட்டாஞ்சேரி படகு ஜெட்டியிலும் சாயாக்கடைகளிலும் வாசகசாலைச் சுவரிலும் ஒட்டுவார்கள். முழுக்க மலையாளம். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த எனக்கு மலையாளம் எழுதுவதில் அப்படியொரு திமிர். தமிழில் ஒரு லீவு லெட்டர் எழுதச் சொன்னால் எந்த ர, எந்த ற என்று முழிப்பேன். மலையாளம் என்றால் பேனா நிற்காது.

அப்பா நேர் எதிர். தேனிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் கொச்சிக்கு வந்தவர். பஜார் ரோட்டில் மூடிக்கிடக்கும் அரிசிக் கிடங்கு ஒன்றின் வாசலில் காய்கறிக் கடை வைத்திருந்தார். கம்பத்திலிருந்து விடிகாலை லாரியில் வருகிற காய். மலையாளத்தில் பேரம் பேசுவார், மலையாளத்தில் சண்டை போடுவார், மலையாளத்தில் சமாதானமும் ஆவார். ஆனால் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. பஸ்ஸுக்கு நின்றால்கூட போர்டில் என்ன போட்டிருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்பார்.

கிளப்பில் நாங்கள் பதினைந்து பேர் இருந்தோம். வாசகசாலை மொட்டைமாடிதான் எங்கள் வயல். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைகளில் மண்ணும் தென்னைநார்க் கழிவும் சாணியும் கலந்து நிரப்புவோம். மத்தி மீனையும் வெல்லத்தையும் வாளியில் ஊறவைத்துச் செடிக்கு ஊற்றுவோம். வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் போகாது. வெண்டை, பயறு, பாகல், சிவப்புக் கீரை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு விதை கொடுப்பது, முளைத்ததா என்று போய்ப் பார்ப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கு நாற்று நடச் சொல்லிக் கொடுப்பது என்று வேலை ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல காலம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு கூட்டமும் ஒரே பேச்சில்தான் ஆரம்பிக்கும். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் காயெல்லாம் விஷம், மருந்தில் முக்கி எடுத்துத்தான் அனுப்புகிறார்கள், நமக்கு வேண்டியதை நாமே விளைவிக்க வேண்டும். பேசிவிட்டு யாராவது என் பக்கம் திரும்பி, "நின்னெ பறஞ்ஞதல்லாட்டோ" என்பார்கள். உன்னைச் சொல்லவில்லை என்று சமாதானம். யாரும் என்னைப் பாண்டி என்று இளக்காரமாகக் கூப்பிட்டதில்லை. "நம்முடெ தமிழ்க்குட்டி" என்று செல்லமாகத்தான் சொல்வார்கள். அந்தச் செல்லம்தான் எனக்கு ஆகவில்லை. நானும் உங்களில் ஒருத்திதான் என்று காட்ட வேண்டும் என்ற வெறியில், விஷம் விஷம் என்று எல்லோரையும் விட அதிகமாகக் கத்தியவள் நான்.

அந்த வருஷம் ஓணத்துக்கு முன்னால் அறுவடை விழா வைத்தார்கள். கவுன்சிலர் வருவதாக இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் மழை பிடித்தது பாருங்கள், விடவேயில்லை. பைகளில் தண்ணீர் நின்று வெண்டை அழுகியது. பயற்றங்கொடி முழுக்கக் கறுப்புக் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. விழாவுக்கு முதல் நாள் பறித்ததில் நல்ல காய் இரண்டு கை தேறவில்லை. செக்ரட்டரி சேச்சி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேவிட்டார். நோட்டீஸ் கொடுத்தாயிற்று, மைக் செட் சொல்லியாயிற்று, கூடையில் என்னத்தை வைப்பது?

"சேச்சி, ஞான் நோக்கிக்கோளாம்" என்றேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. கேட்டால்தானே சொல்ல வேண்டும். யாரும் என்னைக் கேட்கவில்லை.

நேரே அப்பா கடைக்குப் போனேன். எதற்கு, என்னத்துக்கு என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கிளப்புக்கா? எம்மக வந்து கேட்டு இல்லேம்பேனா?" என்று, நின்றிருந்த ஆட்களைக் காக்கவைத்துவிட்டு, தானே குந்தி உட்கார்ந்து பொறுக்கினார். ஒவ்வொரு வெண்டைக்காயின் நுனியையும் ஒடித்துப் பார்த்தார். ஒடிந்தால் கூடை, வளைந்தால் ஓரம். பாகற்காயை ஈரத்துணியால் துடைத்து வைத்தார். பயற்றங்காயை ஒரே நீளமாகப் பார்த்துக் கட்டுக்கட்டாக வாழைநாரில் முடிந்தார். "பாத்துக்கப் பாப்பா, ஒண்ணுகூட முத்தல் கெடையாது. கவுன்சிலரு வீட்டுக்கே கொண்டுபோகட்டும்."

மறுநாள் அந்தக் கூடையைப் பிடித்துக்கொண்டு கவுன்சிலருக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். எங்கள் மாடியில் விளைந்தது என்று மைக்கில் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

அன்று சாயங்காலமே செய்தி எழுத உட்கார்ந்தேன். அந்தப் போட்டோவுக்கு மேலே 'விஷமில்லாத ஓணம்' என்று தலைப்பு போட்டேன். எங்கள் விளைச்சல், எங்கள் உழைப்பு, எங்கள் மண் என்று அளந்துவிட்டு, கடைசிப் பாராவில் இதையும் எழுதினேன்: எல்லை தாண்டி லாரியில் வருவது காய்கறி அல்ல, விஷம், அதை நமக்கு விற்கிறவன் நம் பிள்ளைகளின் சோற்றில் மரணத்தைப் பரிமாறுகிறான். மலையாளத்தில் அது இன்னும் அழகாக இருக்கும். யாரும் எழுதச் சொல்லவில்லை. வாக்கியம் நன்றாக வந்தது, அவ்வளவுதான். சேச்சி படித்துவிட்டு, "எந்தொரு பாஷயாடீ!" என்று என் மொழியை மெச்சிக் கன்னத்தைக் கிள்ளினார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள். நான் அந்த வீட்டுக் காயையே பக்கத்தில் வைத்துக்கொண்டு ரெண்டகம் செய்தேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

ஓணம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். சாப்பிட உட்கார்ந்த அப்பா தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்கப்பா?"

"ஒண்ணுமில்லத்தா. பஜார்ல புதுசா ஒரு கேலி கெளம்பியிருக்கு. வர்றவன் பூரா, 'சேட்டா, விஷத்தினு இன்னு எந்தா வில'ங்கறான், வெஷம் இன்னிக்கு என்ன வெலைன்னு. நானும் 'ஒனக்கு ஓசிடா, எடுத்துட்டுப் போ'ங்கறேன். எல்லாவனும் சிரிக்கிறான். என்ன எழவோ!"

மறுநாள் வகுப்பு முடிந்ததும் கடைக்கு ஓடினேன். அதுவரை நான் கடைப்பக்கம் போவதே அபூர்வம். பள்ளித் தோழிகள் அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவார்கள் என்பது ஒரு காரணம். வேறு காரணமும் கிடையாது.

நேந்திரங்குலை தொங்குகிற கொக்கியில் என் செய்தித்தாள் தொங்கிக்கொண்டிருந்தது. லேமினேஷன் செய்து, ஓட்டை போட்டு, சணல் கட்டி, வருகிறவர் கண்ணுக்கு நேராக. சாயாக்கடைச் சுவரில் என் படத்தைப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் கெஞ்சி உரித்து வாங்கி வந்தாராம். ஆறு நாளாகத் தொங்குகிறது.

"படத்துல நிக்கிறது ஆரு? எம்மக. அவ கையில இருக்கிற வெண்டக்கா ஆருது? என்னுது!" அப்பா அந்தக் கூடையை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். "இந்தப் பாகக்காயப் பாரு, நாந்தான தொடச்சு வச்சேன். எனக்கு அடையாளம் தெரியாதா?"

இந்த முகத்தைப் பார்த்து யாருக்குத்தான் விஷயத்தைச் சொல்ல வாய் வரும்? அதனால்தான் ஒருவரும் சொல்லவில்லை. கேலி மட்டும் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அத எடுத்துருங்கப்பா."

"ஏன், கண்ணு பட்டுருமா?" என்று சிரித்தவர், குரலைத் தாழ்த்தினார். "ஆமா பாப்பா, இதுல வெஷம்னு என்னமோ போட்டிருக்கியாமே? லோடு எறக்குற பய சொன்னான். என்னான்னு கேட்டா ஒங்க மகளையே கேளுங்கன்னுட்டுப் போயிட்டான்."

அப்போது சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், முடிந்திருக்கும். நான் தாளைப் பார்த்தேன். தலைப்பில் விரலை வைத்தேன்.

"விஷமில்லாத காய்னு போட்டிருக்கேன்ப்பா. இந்தக் காயையெல்லாம் தந்தது பஜார்ல கடை வச்சிருக்கிற ஒருத்தர், மருந்தடிக்காத சுத்தமான காய் அப்படின்னு."

"எம்பேரப் போட்டியா?"

"பேர் போடக் கூடாதுப்பா. கிளப் ரூல்."

"அதுனால என்னா, படிக்கிறவனுக்குத் தெரியாதா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயோ, அந்த நேரத்தில் என் நாக்கு அழுகி விழுந்திருக்கக் கூடாதா!

அந்த நேரம் பார்த்து, தினமும் காய் வாங்க வரும் ரிட்டையர்டு கண்டக்டர் பையை ஆட்டிக்கொண்டு வந்தார். பஜாரில் கேலிக்கு அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வந்ததும் வராததுமாக, "சேட்டா, விஷம் ஃப்ரெஷ் ஆணோ?" என்றார்.

அப்பா அன்றைக்குச் சிரிக்கவில்லை. கொக்கியிலிருந்து தாளைக் கழற்றி அவர் கையில் திணித்தார்.

"வாயிக்கு சாரே, படிச்சுக் காட்டு. எம்மக எழுதியிருக்கா. எங்காயில வெஷம் இல்லேன்னு எழுதியிருக்கா. நாலு பேரு கேக்கச் சத்தமா வாயிக்கு!"

கடை முன்னால் நின்ற மூன்று நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "விஷமில்லாத்த ஓணம்" என்று கணீரென்று ஆரம்பித்தார். அடுத்த வரியைச் சத்தமில்லாமல் படித்தார். உதடு மட்டும் அசைந்தது. கடைசிப் பாராவுக்கு வந்தபோது உதடும் நின்றுவிட்டது. தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பின்னே? வாயிக்கு, வாயிக்கு" என்றார் அப்பா.

"கண்ணட மாறிப்போயி சேட்டா" என்று கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார். "அட்சரம் ஒந்நும் காணுன்னில்லா." கண்ணாடி மாறிப்போய் ஓர் எழுத்தும் தெரியவில்லையாம். தாளைத் திருப்பி, எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி அப்பா கையில் கொடுத்தார். "ஒரு கிலோ வெண்டக்க எடுக்கு. நல்லது நோக்கி."

அப்பா வெண்டைக்காயை ஒடித்து ஒடித்துப் பொறுக்கினார். தராசில் ஒரு கிலோ காட்டிய பிறகும் இன்னொரு கை அள்ளிப் போட்டார். கண்டக்டர் பையை வாங்கிக்கொண்டு யாரோடும் பேசாமல் போனார். அப்பா தாளைத் திரும்பக் கொக்கியில் மாட்டி, எழுத்துப் பக்கத்தை ரோட்டுக்கு நேராகத் திருப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"பாத்தியா? இனிமே வாயத் தொறப்பானா?"

அவர் திறக்கவில்லை. நானும் இன்றுவரை திறக்கவில்லை.